வட சென்னை கொருக்குப்பேட்டை பக்கம் நடக்குற சாயங்கால படிப்பு மையம்: படிப்பு ஏறாத பசங்கள சேக்கலாமா?

பதில முதல்லயே சொல்லிடுறேன், தாராளமா சேக்கலாம். ஏழாவதுல இருந்து பத்தாவதுக்குள்ள ஒரு பையனோ பொண்ணோ உங்க வீட்டுல இருந்து, காலையில யூனிஃபார்ம் போடும்போதே வயித்த வலிக்குதுன்னு சொல்லுது, புக்க தொறந்தா தமிழே எழுத்துக்கூட்டி தான் வருது, பேரன்ட்ஸ் மீட்டிங் போனா நீங்க தலைய குனிஞ்சுகிட்டே திரும்பி வர்றீங்கன்னா இந்த மாதிரி இடம் தான் வேணும். அஞ்சுக்கு நாலு ஸ்டார் குடுக்குறேன். அந்த ஒரு ஸ்டார ஏன் குடுக்கலன்னு கீழ எழுதுறேன், அதையும் படிச்சுட்டு முடிவு பண்ணுங்க.

மையத்தோட பேர போடல, அவங்களே வேணாம்னு கேட்டுக்கிட்டாங்க. அங்க வர்ற பசங்கள்ல போலீஸ் கேஸ்ல மாட்டி வெளிய வந்தவன் இருக்கான், வீட்டுல பேசி வெச்ச கல்யாணத்த நிறுத்தி கூட்டிட்டு வந்த பொண்ணு இருக்கு, அம்மா அப்பா ரெண்டு பேரும் இல்லாம ஆயா கிட்ட வளர்றது இருக்கு. யாரு எங்க உக்காந்து படிக்குதுன்னு ஊருக்கே தெரியறது அதுங்களுக்கு நல்லதில்ல. தேவைப்படுறவங்க கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் தாண்டி உள்ள வந்து சாயங்காலம் பசங்க படிக்கிற எடம் எதுன்னு கேட்டா கடைக்காரங்களே காட்டுவாங்க.

நான் சேத்தது எங்க அக்கா பையன. அக்கா காசிமேட்டுல மீன் விக்கிறா, மாமா மீன்பிடி போட்டுக்கு போறவரு, கெளம்புனா வர்றதுக்கு சில சமயம் வாரக்கணக்கு ஆகும். பையன் ஒம்பதாவது. காலாண்டு பரீட்சையில தமிழ்லயே ஃபெயில், கணக்குல ஒத்த இலக்கம். ஸ்கூல்ல கூப்புட்டு இன்னா சொன்னாங்கன்னா, இவன் பத்தாவதுக்கு போனா ரிசல்ட்ட கெடுத்துடுவான், இப்பவே டிசி வாங்கிக்குங்கம்மா, வேற எங்கயாவது பாருங்கன்னு. ஸ்கூல் பேரும் இங்க வேணாம், ஏன்னா இது ஒரு ஸ்கூல்ல மட்டும் நடக்குற விஷயம் இல்ல, எங்க தெருவுலயே கேட்டா ஆளாளுக்கு இதே கதைய சொல்லுவாங்க.

இந்த எடத்துல ஒண்ணு சொல்லணும், ஏன்னா இத புரிஞ்சுக்காம இந்த மாதிரி மையம் எதுக்குன்னு புரியாது. நம்ம பசங்களுக்குன்னு கவர்மென்ட்ல இருக்குற பிடிமானம் எல்லாம் எங்க வரைக்கும் வருதுன்னு பாருங்க. கல்வி உரிமை சட்டம் 2009-ல போட்டு 2010 ஏப்ரல்ல அமலுக்கு வந்துச்சு, அது 6 வயசுல இருந்து 14 வயசு வரைக்கும் தான். ஆல் பாஸ், எட்டாவது வரைக்கும். காலை உணவு 2022-ல ஆரம்பிச்சாங்க, ரொம்ப நல்ல திட்டம், ஆனா அஞ்சாவது வரைக்கும். கொரோனாவுக்கு அப்புறம் 2021 அக்டோபர்ல இல்லம் தேடிக் கல்வி கொண்டு வந்தாங்க, எங்க தெருவுலயே ஒரு அக்கா வீட்டு திண்ணையில நடத்துனாங்க, அதுவும் எட்டாவது வரைக்கும் தான். ஆக ஒரு பையன் எட்டாவது முடிச்சு ஒம்பதாவது வாசல்ல கால் வெக்குறப்ப இந்த கை எல்லாமே விட்டு போயிருக்கு. அவனுக்கு அப்ப தான் மீசை அரும்புது, அப்ப தான் ஹார்பர்ல ஐஸ் ஒடைக்க கூப்புடுறாங்க, அப்ப தான் மத்த பழக்கமும் கத்து குடுக்க ஆள் நிக்குது. இந்த மையம் சரியா அந்த வாசல்ல தான் நிக்குது. அதுக்காகவே இத எழுதுறேன்.

அப்புறம் எங்க பையன் வகுப்புக்கே இன்னொரு விஷயம் இருக்கு. 2020 மார்ச்ல ஸ்கூல மூடும்போது அவன் மூணாவது. சின்ன வகுப்புங்களுக்கு திரும்ப தொறந்தது 2021 நவம்பர்ல, அப்ப அவன் அஞ்சாவது. நடுவுல நாலாவதுன்னு ஒரு வகுப்பு அவன் உக்காரவே இல்ல, வீட்டுல இருந்தது ஒரே போன், அதுவும் மாமா கையில கடலுக்கு போயிடும். படிக்கவும் கழிக்கவும் கெட்டிப்படுற வயசு அது. அந்த ஓட்டைய யாரும் அடைக்காமலே ஆறு, ஏழு, எட்டுன்னு தள்ளி விட்டுட்டு ஒம்பதாவதுல வந்து நீ மக்கு பையன்னு சொன்னா எப்பிடி?

சரி மையத்துக்கு வர்றேன். சேந்த அன்னிக்கு அவங்க மார்க் ஷீட்டே கேக்கல. ஒரு அக்கா, காலேஜ் முடிச்ச பொண்ணு தான், அவன ஜன்னல் ஓரமா தனியா உக்கார வெச்சு ஒரு அட்டைய குடுத்துச்சு. மொதல்ல எழுத்து, அப்புறம் வார்த்தை, அப்புறம் நாலு வரி, அப்புறம் ஒரு சின்ன கதை. கணக்குலயும் அதே மாதிரி, எண்ண படி, கடன் வாங்கி கழி, அப்புறம் மூணு இலக்கத்த ஒரு இலக்கத்தால வகு. பிரதம்னு ஒரு தொண்டு அமைப்பு 2005-ல இருந்து எடுக்குற ஏசர் சர்வேல இதே மொறையில தான் பசங்கள பாப்பாங்கன்னு அந்த அக்கா சொல்லிச்சு. எங்க பையன் நாலு வரிய தட்டு தடுமாறி படிச்சான், கதையில நின்னுட்டான். கழித்தல் வந்துச்சு, வகுத்தல் வரல. அந்த அக்கா நோட்டுல குறிச்சுட்டு அவன பாத்து, தம்பி நீ ரெண்டாவது பாடத்துல நிக்கிற, இங்க இருந்து தொடங்கலாம், சீக்கிரமா ஏறிடலாம்னு சொல்லிச்சு. திட்டல, அடடான்னு உச்சு கொட்டவும் இல்ல. ஒன்பது வருஷம் ஸ்கூலுக்கு போன பையன் எங்க நிக்கிறான்னு எங்க குடும்பத்துக்கு மொத தடவையா ஒருத்தங்க சொன்னது அன்னிக்கு தான்.

இது நம்ம ஏரியா பசங்களுக்கு மட்டும் உள்ள குறைன்னு யாரும் நெனைக்க வேணாம். 2023-ல அதே ஏசர் சர்வே 14-ல இருந்து 18 வயசு பசங்கள கிராமப்புறத்துல பாத்துச்சு, நாலுல ஒருத்தருக்கு அவங்க தாய்மொழியில ரெண்டாவது வகுப்பு பாடத்தையே சரளமா படிக்க வரல, மூணு இலக்கத்த ஒரு இலக்கத்தால வகுக்குறது பாதிக்கும் கம்மியான பேருக்கு தான் வந்துச்சு. நாடு முழுக்க இருக்குற பிரச்சினைய எங்க பசங்க மண்டையில மட்டும் ஏத்தி வெச்சு, வட சென்னைன்னாலே அப்பிடித்தான்னு பேசுறவங்கள கேட்டா எனக்கு ரத்தம் கொதிக்கும்.

இவங்க வகுப்பு பாத்து உக்கார வெக்க மாட்டாங்க, எங்க நிக்கிறாங்களோ அத பாத்து தான் குரூப். அதனால ஏழாவது பொண்ணும் ஒம்பதாவது பையனும் ஒரே பாய்ல உக்காந்திருக்கும். பெரிய பசங்களுக்கு கூச்சமா இருக்காதான்னு எனக்கு சந்தேகம் இருந்துச்சு. அதுக்கு அவங்க பண்ற வேல நல்லா இருக்கு, படிக்க குடுக்குற விஷயம் சின்ன குழந்தை கதையா இருக்காது. காக்கா வடை கதைய 14 வயசு பையன் கிட்ட குடுத்தா தூக்கி போட்டுட்டு போயிடுவான். இவங்க குடுக்குறது ஃபுட்பால் மேட்ச் நியூஸ், மெட்ரோ ஸ்டேஷன் போர்டு, ரேஷன் கடை அறிவிப்பு, வானிலை எச்சரிக்கை, மீன்பிடி தடைக்கால நோட்டீஸ். வார்த்தை சின்னது, விஷயம் பெரிய பசங்களுக்கானது. அட்டை அட்டையா போட்டு ஒண்ண முடிச்சா அடுத்தத எடுக்குற மாதிரி வெச்சிருக்காங்க. அந்த அட்டைய பாத்ததும் எனக்கு செயல்வழிக் கற்றல் ஞாபகம் வந்துச்சு, அது 2003-ல நம்ம சென்னை கார்ப்பரேஷன் ஸ்கூல்ங்கள்ல தான் மொதல்ல ஆரம்பிச்சு அப்புறம் தமிழ்நாடு முழுக்க போச்சு. நம்ம ஊர்ல பொறந்த மொற தான், பெரிய பசங்களுக்கு ஏத்த மாதிரி மாத்தி வெச்சிருக்காங்க.

கணக்கு சொல்லி குடுக்குற அண்ணன பத்தி தனியா எழுதியே ஆகணும். எங்க பையன் அக்கா கூட லீவு நாள்ல மீன் விக்க நிப்பான். வஞ்சரம் கிலோ 900, முக்கா கிலோ எவ்ளோன்னு கேட்டா 675ன்னு கண்ண மூடி தொறக்குறதுக்குள்ள சொல்லுவான். அதையே நோட்டுல முக்கால் பெருக்கல் 900ன்னு எழுதி குடுத்தா பேனாவ கீழ வெச்சுடுவான். அந்த அண்ணன் இத கண்டுபுடிச்சுட்டாரு. எப்பிடிடா 675ன்னு சொன்ன, வாயால சொல்லுன்னு கேட்டாரு. அவன், கிலோ 900னா அர கிலோ 450, கால் 225, ரெண்டையும் சேத்தா 675 அண்ணேன்னான். இத அப்பிடியே போர்டுல எழுதுன்னு சொல்லி எழுத வெச்சு, நீ போட்டது தான்டா பின்னம், உனக்கு ஏற்கனவே தெரியும், எழுத தான் தெரியலன்னு சொல்லிட்டாரு. அன்னிக்கு ராத்திரி வீட்டுக்கு வந்து எங்க எல்லாரையும் உக்கார வெச்சு கிளாஸ் எடுத்தான், சித்தி நீ சொல்லு, 640-ல முக்கால் எவ்ளோன்னு என்னையே கேக்குறான்.

மைனஸ் நம்பர் கேரம் போர்டுல. எங்க ஏரியாவுல கேரம் ஆடாத வீடு ஏது, 2024-ல அமெரிக்காவுல நடந்த உலக போட்டியில மூணு தங்கம் ஜெயிச்ச காசிமா புது வண்ணாரப்பேட்டை பொண்ணு, அப்பா ஆட்டோ ஓட்டுறவரு. ஸ்ட்ரைக்கர் குழிக்குள்ள போச்சுன்னா ஃபைன், கையில காயினே இல்லன்னா அது கடன், அடுத்து விழுறத திருப்பி வெக்கணும். அப்ப உன் கணக்கு பூஜ்யத்துக்கு கீழ ஒண்ணுன்னு சொன்னா எந்த பையனுக்கும் புரியும். அந்த போர்டு கிளாஸ் முடிஞ்சதும் விளையாடவும் இருக்கு, அதுக்காகவே வர்ற பசங்களும் உண்டு, வரட்டுமே.

நேரம் சாயங்காலம் அஞ்சரைல இருந்து எட்டு. வந்ததும் சுண்டலோ வேர்க்கடலையோ அவிச்ச முட்டையோ ஏதாவது ஒண்ணு. இத சாதாரணமா நெனைக்காதீங்க, காலையில ஒண்ணும் துன்னாம மதியம் சத்துணவு சாப்புட்டு வர்ற புள்ளைக்கு சாயங்காலம் பசி மண்டைக்கு ஏறி இருக்கும், அப்ப எந்த பாடமும் உள்ள போவாது. காசு எதுவும் வாங்கல. நோட்டு பேனா அவங்களே குடுக்குறாங்க.

தொடர்ந்து ரெண்டு நாள் வரலன்னா வீட்டுக்கு ஆள் வந்துடும். அதுவும் எப்பிடின்னா, ஏன் வரலன்னு மெரட்டுறதுக்கு இல்ல, அம்மாவுக்கு ஒடம்பு சரியில்லயா, தம்பிய பாத்துக்க ஆள் இல்லயான்னு கேக்க. ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடி தடைக்காலம், போட்டு போவாது, வீட்டுல காசு இருக்காது. பெரிய லீவும் அதே நேரம் தான். ஒம்பதாவது பத்தாவது பசங்க வேலைக்கு போறது அப்ப தான் ஆரம்பிக்கும், ஜூன்ல ஸ்கூல் தொறக்கும்போது கையில நாலு காசு பாத்த பையன் திரும்பி போக மாட்டான். இது இவங்களுக்கு தெரிஞ்சிருக்கு. அதனால ஏப்ரல் மே மாசத்துல மையத்த மூட மாட்டாங்க, காலையில வேலைக்கு போற பசங்களுக்காக ராத்திரி ஏழு மணிக்கு தனியா ஒரு பேட்ச் வெக்குறாங்க. ஆனா வேல விஷயத்துல ஸ்ட்ரிக்ட், 14 வயசுக்கு கீழ வேலைக்கு வெக்குறது சட்டப்படி குத்தம், 18 வரைக்கும் ஆபத்தான வேலைக்கு அனுப்ப கூடாதுன்னு 2016-லயே சட்டத்த திருத்திட்டாங்க, இத அம்மா அப்பா கிட்ட நேராவே சொல்லிடுவாங்க. வேலைக்கு கூப்புடுறவங்க கிட்டயும் போய் பேசுறாங்க.

பாடம் தவிர ஒரு கவுன்சிலிங் அம்மா வாரத்துல வருவாங்க. உதட்டுல புகையில வெக்குற பழக்கம் ஸ்கூல் பசங்க கிட்ட எவ்ளோ இருக்குன்னு நம்ம ஏரியா அம்மாங்களுக்கு சொல்லவே வேணாம். பையன கூப்புட்டு மொத நாளே அத பத்தி கேக்க மாட்டாங்க, பல நாள் சும்மா பேசி, கானா பாட சொல்லி கேட்டு, அவனா வாய தொறக்குற வரைக்கும் காத்துட்டு இருப்பாங்க. அவன் சொன்னத நம்ம கிட்ட சொல்ல மாட்டாங்க, ஆபத்துன்னா மட்டும் சொல்லுவாங்க. எங்க அக்காவுக்கு இதுல கோவம், பெத்தவ எனக்கு சொல்லாம என்னன்னு. எனக்கு இது சரின்னு தான் படுது, நம்ம கிட்ட வந்து சேரும்னு தெரிஞ்சா எந்த பையன் பேசுவான்?

பொண்ணுங்க விஷயத்துல இவங்க பண்றது ரொம்ப பெரிய வேல. வயசுக்கு வந்ததும் நிறுத்திட்ட பொண்ணுங்கள தேடி போயி வீட்டு வாசல்ல உக்காந்து பேசுறாங்க. எறா உரிக்க போற பொண்ணு, தம்பி தங்கச்சிய பாத்துக்குற பொண்ணு. வீட்டு ஆளுங்க கிட்ட பேசும்போது வெறும் படிப்பு முக்கியம்னு சொன்னா ஏறாது. புதுமைப் பெண் திட்டம் சொல்லுவாங்க, 2022 செப்டம்பர்ல நம்ம வட சென்னை பாரதி மகளிர் கல்லூரியில தான் அத தொடங்கி வெச்சாங்க, ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்ச பொண்ணு மேல படிக்க போனா மாசம் 1000 ரூவா அது பேர்ல பேங்க்ல விழும், டிகிரி மட்டும் இல்ல டிப்ளமா ஐடிஐக்கும் உண்டு. நடுவுல நிறுத்துனா இது போயிடும்மான்னு சொல்லும்போது அப்பாங்க யோசிக்கிறாங்க. 18 ஆகாம கல்யாணம் பேசுறாங்கன்னு தெரிஞ்சா குழந்தைகள் உதவி எண் 1098-க்கு போன் போட தயங்க மாட்டாங்க, அதையும் மொதல்லயே சொல்லிடுறாங்க.

பத்தாவது பசங்களுக்கு ஜனவரிக்கு மேல மட்டும் பரீட்சைக்குன்னு தனி கிளாஸ். கணக்குல செய்முறை வடிவியல் ஒரு 8 மார்க், கிராஃப் ஒரு 8 மார்க், ஒன் மார்க் 14, கூட்டுனா 30, பாஸுக்கு 35 தான் வேணும், மிச்சத்துக்கு ஒரு அஞ்சு மார்க் கணக்கு போதும்னு கையில ஸ்கேல் காம்பஸ குடுத்து தினமும் வரைய வெப்பாங்க. சயின்ஸ்ல பிராக்டிகல் 25-க்கு 15 எடுக்கணும், எழுத்துல 75-க்கு 20, பிராக்டிகல் அன்னிக்கு கட் அடிச்சா எல்லாம் போச்சுன்னு பேரு பேரா சொல்லி அனுப்புவாங்க. டியூஷன் சென்டர்லயும் இதே டெக்னிக் தான் சொல்லுவாங்க, ஆனா அங்க ஆகஸ்ட்லயே இத ஆரம்பிச்சுடுவாங்க, வருஷம் முழுக்க கைடு மனப்பாடம், மாசம் ஃபீஸ் வேற. படிக்கவே தெரியாத பையனுக்கு மனப்பாடம் பண்ண குடுத்தா அவன் எத பாத்து மனப்பாடம் பண்ணுவான்? இங்க மொதல்ல படிக்க வெக்குறாங்க, கடைசி மூணு மாசம் மார்க்குக்கு ஓடுறாங்க. இந்த வரிசை தான் எனக்கு புடிச்சது. ஃபெயில் ஆனாலும் விட மாட்டாங்க, ரிசல்ட் வந்த வாரமே துணைத்தேர்வுக்கு அப்ளை பண்ண வெச்சு அதே வருஷம் எழுத வெக்குறாங்க, அந்த ஒரு மாசத்த விட்டா பையன் கை நழுவிடுவான்னு அவங்களுக்கு தெரியும்.

ஸ்கூல விட்டே வெளிய வந்துட்ட பசங்களுக்கும் வழி சொல்றாங்க. 14 வயசு முடிஞ்சிருந்தா தேசிய திறந்தநிலைப் பள்ளி, என்ஐஓஎஸ்னு சொல்லுவாங்க, அதுல பத்தாவதுக்கு அஞ்சு பாடம் எடுத்தா போதும், பாஸ் மார்க் 33, தமிழ்லயே எழுதலாம், அஞ்சு வருஷத்துக்குள்ள ஒண்ணு ஒண்ணா முடிச்சுக்கலாம். இல்லன்னா நம்ம ஸ்டேட் போர்டுலயே தனித்தேர்வரா எட்டாவது எழுதலாம், அது பாஸ் பண்ணா சில ஐடிஐ டிரேடு கெடைக்கும், வெல்டர் வயர்மேன் மாதிரி. நமக்கு பக்கத்துலயே மிண்ட்ல அரசு ஐடிஐ இருக்கு. ஆனா ஸ்கூல்ல இருக்குற பையன இதுக்காக வெளிய எடுக்க விட மாட்டாங்க. டிசி வாங்கிட்டு வந்து நிக்குற அம்மாங்கள ஸ்கூலுக்கே திருப்பி கூட்டிட்டு போயி எச்எம் கிட்ட பேசுவாங்க. எங்களுக்கும் அப்பிடி தான், மையத்துல இருந்து ஒரு சார் கூட வந்து, இவன் எங்க நிக்கிறான், எவ்ளோ ஏறி இருக்கான்னு அந்த குறிப்பு நோட்ட காட்டி பேசுனாரு. அத பாத்துட்டு தான் ஸ்கூல்ல டிசி பேச்ச விட்டாங்க.

இப்ப அந்த ஒரு ஸ்டார் விஷயம். மொதல்ல பாத்ரூம். பொண்ணுங்களுக்கு தனியா இல்ல, பக்கத்து வீட்டுல சொல்லி வெச்சிருக்காங்க, அந்த வீட்டுல ஆள் இல்லன்னா வழி கெடையாது. வயசு பொண்ணுங்க வர்ற எடத்துல இது இருக்கவே கூடாத குறை. மாசத்துல சில நாள் பொண்ணுங்க வராம இருக்குறதுக்கு இது தான் காரணம்னு எல்லாருக்கும் தெரியுது, ஆனா எடத்து ஓனர் கட்ட விட மாட்டேங்குறாருன்னு சொல்லிட்டு இருக்காங்க. எட்டு மணிக்கு முடியறதும் பொண்ணுங்களுக்கு கஷ்டம், தெரு லைட்டு எரியாத சந்து இருக்கு, அதனால ஏழு மணிக்கே எழுந்து போயிடுதுங்க, கணக்கு பாடம் ஏழுக்கு மேல தான் நடக்குது, அதுங்களுக்கு கணக்கு கம்மியா தான் கெடைக்குது. பாடத்த மாத்தி போட்டா பாதி பிரச்சினை தீரும், இத நேர்லயும் சொல்லிட்டேன்.

மாடியில ஷீட்டு போட்ட ரூம், மே மாசம் உக்கார முடியாது. மழைக்கு தெருவுல தண்ணி நின்னா மையமே நடக்காது, அதுக்கு அவங்கள குத்தம் சொல்ல முடியாது, மிக்ஜாம் புயல்ல முட்டிக்கு மேல தண்ணியில நின்ன ஏரியா இது. ஆனா அந்த மாதிரி நாளுக்குன்னு வீட்டுல பண்ண ஏதாவது அட்டைய குடுத்து அனுப்பலாம், அது இல்ல.

சொல்லி குடுக்குறவங்க அடிக்கடி மாறுறது தான் எனக்கு பெரிய குறை. காலேஜ் பசங்க நெறைய பேர் சும்மா வந்து சொல்லி குடுக்குறாங்க, நல்ல மனசு தான், ஆனா செமஸ்டர் வந்தா காணாம போயிடுறாங்க. இந்த மாதிரி பசங்க ஒருத்தர நம்பறதுக்கே மாசக்கணக்கு ஆகுது, அப்புறம் அந்த அண்ணன் வரலன்னா இவனும் வர மாட்டான். எங்க பையன் அந்த கணக்கு அண்ணன் லீவுல இருந்தப்ப மூஞ்ச தூக்கிட்டு திரிஞ்சான். சம்பளம் குடுத்து ரெண்டு பேரயாவது நிரந்தரமா வெக்கணும். இங்கிலீஷ் ரொம்ப வீக், இருக்குற அட்டையெல்லாம் ஏபிசிடில இருந்து நேரா பெரிய பாராவுக்கு தாவுது, தமிழுக்கு யோசிச்ச மாதிரி இங்கிலீஷுக்கு யோசிக்கல.

இன்னொண்ணு, எழுத்து எல்லாம் திருப்பி போட்டு எழுதுற, எவ்ளோ சொல்லி குடுத்தாலும் வார்த்தை மனசுல நிக்காத பசங்க சில பேர் இருக்காங்க. அது சோம்பேறித்தனம் இல்ல, கற்றல் குறைபாடு. 2016-ல வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்துலயே இத சேத்திருக்காங்க. சர்டிபிகேட் இருந்தா பத்தாவது பொதுத்தேர்வுல ஒரு மணி நேரம் கூடுதல், சொல்றத எழுத ஆளு, ஒரு மொழிப்பாடத்துல இருந்து விலக்கு இதெல்லாம் கெடைக்கும். ஆனா மையத்துல இத பாத்ததும் கண்டுபுடிக்கிற ஸ்பெஷல் டீச்சர் யாரும் இல்ல. ஒரு பொண்ண ரொம்ப நாள் கழிச்சு தான் ஆஸ்பத்திரிக்கு எழுதி குடுத்தாங்க, அது ஏற்கனவே பத்தாவது வந்துடுச்சு. உங்க புள்ளைக்கு அப்பிடி இருக்குமோன்னு சந்தேகம் இருந்தா இவங்க சொல்ற வரைக்கும் காத்திருக்காம நீங்களே கேளுங்க.

எங்க பையனுக்கு இப்ப எப்பிடி இருக்குன்னா, மார்க் பெருசா எகிறிடல. முழு ஆண்டுல தமிழ், சமூக அறிவியல் பாஸ், கணக்கு பார்டர், இங்கிலீஷ் இன்னும் இல்ல. ஆனா பத்தாவதுக்கு அதே ஸ்கூல்ல போறான். காலையில வயித்து வலி இல்ல. வாட்ஸப்ல வர்ற மெசேஜ அக்காவுக்கு அவன் தான் படிச்சு காட்டுறான், மாமா போட்டு சங்கத்துல குடுத்த பேப்பர படிச்சு எங்க கையெழுத்து போடணும்னு காட்டுனான். மார்க்க மட்டும் பாத்து சேக்குறவங்களுக்கு இந்த எடம் சரிப்படாது, மூணு மாசத்துல 80 மார்க் வேணும்னா ஏமாந்துடுவீங்க. பதினொன்னு பன்னெண்டாவது பசங்களுக்கும் இங்க ஒண்ணும் இல்ல, அக்கவுன்ட்ஸ் பிசிக்ஸ் எல்லாம் சொல்லி குடுக்க ஆள் கெடையாது.

சேக்கணும்னா ஜூன் வரைக்கும் காத்திருக்காதீங்க, அப்ப எடம் கெடைக்காது, தடைக்காலத்துலயே போங்க. ஆதார், டிசி, மார்க் ஷீட் எதுவும் கேக்க மாட்டாங்க. பையனையோ பொண்ணையோ கூடவே கூட்டிட்டு போகணும், ஒரு வாரம் வந்து உக்காந்து பாத்துட்டு அது சரின்னு சொன்னா தான் பேர் எழுதுவாங்க, அம்மா அப்பா சொன்னா மட்டும் எழுத மாட்டாங்க. ஞாயித்துக்கெழம லீவு. பாத்ரூம் பத்தி போறவங்க எல்லாரும் மறக்காம கேளுங்க, நெறைய பேர் கேட்டா தான் அந்த ஓனர் கிட்ட அவங்களால அழுத்தி பேச முடியும்.